உடை விதியும் நீதியும்



பள்ளியில் சேரும் முதல் நாளில், அகர முதல எழுத்துகளைக் கற்பதற்கு முன்பே, ஒரு பாடம் நமக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆண்பிள்ளைக்குக் காற்சட்டை, பெண்பிள்ளைக்குப் பாவாடை. ஆண்பிள்ளையின் தலைமுடி குறுகியிருக்க வேண்டும். பெண்பிள்ளையின் கூந்தல் இரட்டைப் பின்னலாக முடிந்திருக்க வேண்டும். இந்தப் பாடத்திற்குப் புத்தகம் இல்லை, தேர்வும் இல்லை. ஆயினும் ஒருவரும் இதனை மறப்பதில்லை.

ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று உடையை வகுத்து விதிப்பது முறையான ஒழுங்குதானா? அல்லது பெண்களைத் தாழ்த்துகின்ற பாலினப் பாகுபாடா? திருநங்கையரையும் திருநம்பியரையும் வெறுத்து ஒதுக்குகின்ற செயலா? இவ்வினாக்களே இன்றைய பேச்சின் பொருள்.

இவற்றுக்கு இரண்டு விடைகள் உடனே கிடைக்கும். “இது நம் பண்பாடு, இதைக் கேள்வி கேட்பதே தவறு” என்பார் ஒரு சாரார். “எல்லா உடை விதியும் அடிமைத்தனமே” என்பார் மற்றொரு சாரார். ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறையிலும் பின்னர்த் தலைமையாசிரியர் அறையிலும் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவன் நான். விரைந்து வருகின்ற விடையைச் சற்று நிறுத்தி வைத்து, “எப்படி இந்த விடை வந்தது? வழிமுறையைக் காட்டு” என்று கேட்பது எங்கள் தொழிற்பழக்கம். அவ்வழியே இதனையும் ஆராய்வோம்.

முதலில், ஓர் உடை ஆணுடை அல்லது பெண்ணுடை ஆவது எவ்வாறு என்று காண்போம். நான் வாழும் கோட்டக்குப்பம் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே, எல்லையை ஒட்டி அமைந்த ஊர். எங்கள் தெருக்களில் ஆடவர் கைலி உடுத்து நடப்பதைக் காணலாம். கைலி என்றாலே ஆணுடை என்பது நம் எண்ணம். பர்மாவிலோ, அதனை ஒத்த லுங்கியை ஆணும் உடுத்துவர், பெண்ணும் உடுத்துவர். கட்டும் முறையிலும் கரையின் அழகிலும்தான் வேறுபாடு. ஸ்காத்லாந்து நாட்டுப் போர்வீரர் முழங்காலளவுப் பாவாடை அணிந்து போர்முனைக்குச் சென்றனர். அவர்களுடைய வீரத்தை ஒருவரும் ஐயுறவில்லை. நம் வேட்டியும் சேலையும்கூடத் தையல் படாத நீண்ட துணிகளே. துணிக்குப் பால் இல்லை; பார்ப்பவர் கண்ணே அதற்குப் பாலை வழங்குகிறது.

இந்த வழக்கத்தை விதியாக்கிச் சட்டத்தின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு, எங்கள் அண்டை ஊரான புதுச்சேரியை நெடுங்காலம் ஆண்ட பிரஞ்சு நாட்டின் வரலாறே சான்று தரும். 1800-ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸ் மாநகரக் காவல்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. ஆணைப் போல உடுத்த விரும்பும் பெண், காவல் அலுவலகத்திற்கு நேரில் சென்று அனுமதி பெற வேண்டும் என்பது அதன் சாரம். மன்னராட்சியை வீழ்த்தி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய நாட்டிலேதான் இவ்விதி எழுந்தது. 1892-ஆம் ஆண்டிலும் 1909-ஆம் ஆண்டிலும் இதற்குத் தளர்வு தரப்பட்டது. பெண்ணொருத்தி மிதிவண்டியின் கைப்பிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பிடித்திருந்தால் காற்சட்டை அணியலாம் என்றனர். வண்டியிலிருந்து இறங்கிவிட்டால் மீண்டும் பாவாடைதான் போலும்! நெடுங்காலமாக எவரும் பொருட்படுத்தாது ஏட்டில் மட்டும் கிடந்த இவ்வாணை செல்லாது என்று பிரஞ்சு அரசு முறைப்படி அறிவித்தது 2013-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில்தான்.

மிதிவண்டி பாரிஸ் நகரில் செய்த வேலையை நம் நாட்டிலும் செய்தது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் அவர்கள் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். வயலில் உழைத்தவர்களும் கல் உடைத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். முதலில் கேலி எழுந்தது. பின்னர் அது தானே அடங்கியது. பள்ளிகளிலும் இதே மாற்றத்தைக் கண்ணாரக் கண்டவன் நான். நான் பணியில் சேர்ந்த காலத்தில் உயர்வகுப்பு மாணவியர் பாவாடை தாவணியில் வந்தனர். பின்னர்ச் சுடிதார் சீருடை வந்தது. தாவணி போனால் தமிழ்ப் பண்பாடே போய்விடும் என்று அன்று கவலைப்பட்டவர் பலர். பண்பாடு போகவில்லை, மாணவியர் மிதிவண்டியில் ஏறிக் குறித்த நேரத்திற்குப் பள்ளிக்கு வந்து சேர்ந்தனர்.

அடுத்து, உடை விதியின் இருண்ட பக்கத்தைக் காண வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியில், அதாவது இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் சமூகப் பெண்கள் தோள்சீலையால் மார்பை மறைக்கும் உரிமை இன்றி வாழ்ந்தனர். மறைத்தால், உயர்ந்தோர் எனப்பட்டவருக்கு அவமதிப்பாம்! பெண்கள் குப்பாயம் அணிந்தனர், தாக்கப்பட்டனர், மீண்டும் அணிந்தனர். 1829-ஆம் ஆண்டு அரசாணை ஒன்று, மேலாடை உரிமை அவர்களுக்கு இல்லை என்று உரைத்தது. போராட்டம் ஓயவில்லை. 1859-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள் வெளிவந்த அரச விளம்பரத்தினால் அவர்கள் மேலாடை அணியும் உரிமை ஏற்கப்பட்டது. அப்போதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே இருந்தது.

இக்கொடுமை திருவிதாங்கூரோடு முடியவில்லை. 1930-ஆம் ஆண்டு இறுதியில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆடவர் சட்டையோ பனியனோ அணியலாகாது, முழங்காலுக்குக் கீழே துணி தொங்கலாகாது, முடியைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. பெண்கள் இரவிக்கையாலும் தாவணியாலும் மேலுடலை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது. இத்தடைகளை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்ணை “மறைக்காதே” என்று ஒரு காலத்தில் அடித்தனர். “மறைத்துக்கொள்” என்று மற்றொரு காலத்தில் அதட்டினர். இரண்டு கட்டளைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும், “உன் உடலைப் பற்றி முடிவு செய்பவன் நான்” என்னும் ஒரே குரல்தான் இரண்டிலும் ஒலிக்கிறது.

இதைக் கேட்டதும், உடை விதி என்றாலே தீது என்று நீங்கள் முடிவு கட்டிவிடலாகாது. காமராசர் முதலமைச்சராகவும், நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் கல்வித்துறைத் தலைவராகவும் இருந்த காலத்தில் நம் மாநிலப் பள்ளிகளில் சீருடை பரவியது. அதுவும் ஓர் உடை விதிதான். பண்ணையார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே நிறச் சட்டையில் ஒரே பலகையில் அமர்ந்தனர். கிழிந்த ஆடைக்கு நாணிப் பள்ளிக்கு வராதிருந்த குழந்தை தலைநிமிர்ந்து வந்தது. இராமநாதபுரத்துத் தடைகள் மனிதரைப் பிரித்துக் காட்டுவதற்காக வந்தவை. சீருடை, பிரித்துக் காட்டும் அடையாளத்தை அழிப்பதற்காக வந்தது. கத்தி மருத்துவர் கையிலும் இருக்கிறது. கள்வன் கையிலும் இருக்கிறது. எனவே விதி இருக்கிறதா இல்லையா என்று கேட்பது போதாது; அவ்விதி என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும்.

அவ்வாறு கேட்பதற்கு மூன்று வினாக்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் வினா: இந்த விதி, செய்யும் வேலைக்குத் தேவையானதா? வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மேலங்கி அணியச் சொல்வதும், சுழலும் இயந்திரத்தின் அருகே தொங்கும் துணி கூடாது என்பதும் தேவையால் பிறந்தவை. அவை ஆண், பெண் பார்ப்பதில்லை. வேட்டி நுனிக்கும் துப்பட்டா நுனிக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

இரண்டாம் வினா: விதியின் சுமை எல்லார் தோளிலும் ஒத்து விழுகிறதா? இரட்டைப் பின்னலை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தலையைச் சீவி ஒரு நிமிடத்தில் புறப்பட்டுவிடுகிறான். தங்கையோ சிக்கெடுத்து, பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி முடிக்க அரைமணி நேரம் முன்னதாக எழ வேண்டும். ஒரு கல்வியாண்டில் இருநூறு நாள் பள்ளி நடந்தால், நூறு மணி நேரம் ஆயிற்று. தேர்வுக் காலத்தில் அந்த அரைமணி நேரத்தின் அருமை உங்களுக்கே தெரியும். மேலும் பாருங்கள்: பையனின் சட்டையில் பை உண்டு, காற்சட்டையில் பை உண்டு, பெண்பிள்ளையின் சீருடையில் பெரும்பாலும் பை இல்லை. பேனாவைக்கூட அவள் கையிலேயே ஏந்தித் திரிகிறாள். விளையாட்டு நேரத்தில் அவன் ஓடுகிறான். அவள் உடை ஓட விடுவதில்லை. இவற்றை விதித்தவர் எவரும் பெண்களை வெறுத்தவர் அல்லர். ஒருவேளை அவர்கள்பால் மிகுந்த அன்பு கொண்டவராகவும் இருக்கலாம். ஆயினும் சுமை ஒரு பக்கமே சாய்கிறது. காரணம் காட்டாமல் ஒரு பாலின்மீது மட்டும் சுமையை ஏற்றும் விதியைப் பாலினப் பாகுபாடு என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மூன்றாம் வினா: இந்த விதி யாருக்கேனும் வாயிலை அடைக்கிறதா? இதுவே மூன்றிலும் முதன்மையானது. 2014-ஆம் ஆண்டு சூலை மாதம், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி து. அரிபரந்தாமன் அவர்கள் வேட்டி உடுத்தி ஒரு நூல் வெளியீட்டு விழாவிற்குச் சென்றார். விழா நடந்த தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில், வேட்டி எங்கள் உடை விதிக்கு ஒவ்வாது என்று அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தமிழ்நாடே கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றம் கூடி, வேட்டி உடுத்தியவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றம் என்று சட்டம் இயற்றியது. ஓராண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரை தண்டனை வகுத்தது. நல்ல சட்டம், அதனை வரவேற்றவருள் நானும் ஒருவன். ஆயினும் அன்று நாம் அடைந்த உணர்ச்சி எத்தகையது என்பதைச் சற்றே நினைவுகூர வேண்டும். “நான் எவனோ அவனாக உள்ளே வர விடமாட்டாயா?” என்பதே அந்தச் சினத்தின் உட்பொருள். ஒரு வேட்டிக்காக ஒரு மாதத்தில் சட்டம் இயற்றத் தெரிந்த நமக்கு, வேறொருவர் வேறொரு வாயிலில் அதே சொற்களைச் சொல்லி நிற்கும்போது பொருள் விளங்காமற் போகலாமா?

2022-ஆம் ஆண்டில் கர்நாடக மாநிலத்தில் தலையை மறைக்கும் துணியோடு வந்த மாணவியர் கல்லூரி வாயிலில் நிறுத்தப்பட்டதும் இந்த மூன்றாம் வினாவைச் சேர்ந்ததே. அம்மாநில உயர்நீதிமன்றம் மார்ச் 15 அன்று அத்தடையை ஏற்றது. அக்டோபர் 13 அன்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இருவேறு தீர்ப்பு வழங்கினர். அவருள் ஒருவரான சுதான்சு தூலியா அவர்கள், பெண்குழந்தையின் கல்வியே தம் மனத்தில் முதலிடம் பெற்றது என்றார். துணி அணிவது சரியா, களைவது சரியா என்பதில் பெரியோர் வாதிடட்டும். வாதம் முடியும்வரை வெளியே நின்றது யார் என்பதே ஆசிரியனாகிய என் கவலை. அவர்கள் பெண்பிள்ளைகளே.

இதற்குத் தீர்வாக எல்லாருக்கும் ஒரே உடை என்னும் கருத்தும் எழுந்துள்ளது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்து வளையஞ்சிறங்கரை அரசுத் தொடக்கப்பள்ளியில் ஆண், பெண் குழந்தைகள் அனைவருக்கும் முக்கால் காற்சட்டையும் சட்டையும் சீருடையாயின. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுச்சேரி அரசுப் பெண்கள் மேனிலைப் பள்ளியில் மேல்வகுப்பு மாணவியருக்குக் காற்சட்டையும் சட்டையும் வந்தன. ஓடவும் பேருந்தில் ஏறவும் எளிதாயிற்று என்று மகிழ்ந்த மாணவியர் பலர். எதிர்ப்பும் எழுந்தது, 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரள முதலமைச்சர், இதனை எவர்மீதும் அரசு திணிக்காது என்று சட்டமன்றத்தில் தெரிவித்தார். இங்கே நான் ஒரு நுட்பத்தைச் சுட்ட விரும்புகிறேன். பொது உடை என்று நாம் தேர்ந்தது எதனை? ஆணின் உடையைத்தான். ஆணே அளவுகோல், பெண் அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டியவள் என்னும் பழைய எண்ணம் இங்கும் ஒளிந்திருக்கக்கூடும். ஆகவே கட்டாயமாகக் காற்சட்டை என்பதைவிட, ஒரே நிறம், ஒரே துணி. காற்சட்டையா, சுடிதாரா, பாவாடையா என்பதை மாணவர் விருப்பத்திற்கு விடுதல் எனக்கு நல்வழியாகத் தோன்றுகிறது. சீருடையின் நோக்கமாகிய சமத்துவமும் கெடாது. உடுப்பவரின் உரிமையும் கெடாது.

இனி, பேச்சின் கடினமான பகுதிக்கு வருகிறேன். விதி ஏட்டில் இரண்டே கட்டங்கள் உள்ளன: ஆண், பெண். பிறந்தபோது ஆண் என்று பதியப்பட்டு, தன் உள்ளத்தால் தன்னைப் பெண் என்று அறியும் ஒருவர் எந்தக் கட்டத்தில் நிற்பார்? பெண் என்று பதியப்பட்டுத் தன்னை ஆண் என்று உணர்பவர் எங்கே நிற்பார்?

இது மேனாட்டிலிருந்து நேற்று வந்து இறங்கிய வினா என்று கருதுவோர் நம் இலக்கணத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தொல்காப்பியர், ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை உயர்திணையிலேயே வைத்தார். அதனை ஆண்பால் வினையால் முடிக்கலாகாது என்றும் விதித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் தெளிவாகச் சொன்னார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும் கொள்க என்பது அவர் கருத்து. ஒருவரைப் பிறப்பைக் கொண்டு சுட்டாமல் அவருடைய விருப்பத்தைக் கொண்டு சுட்டும் விதி இது. அதே நூற்பாவில் அவர்களை அஃறிணை போலவும் வழங்கலாம் என இடம் தந்ததும் உண்மை. அக்குறையை நாம் விலக்குவோம், நிறையைக் கைக்கொள்வோம். சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்று. மாரியம்மன் கோயில் திடலிலும் திரௌபதையம்மன் கோயில் திடலிலும் எங்கள் மாவட்டத்துத் தெருக்கூத்தில் ஆடவர் சேலை கட்டித் திரௌபதியாக நிற்கும்போது, ஊரே கைகூப்பி நிற்கிறது.

கூவாகம் என்னும் சிற்றூரை நீங்கள் அறிவீர்கள். 2019-ஆம் ஆண்டு வரை எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள ஊர் அது. சித்திரைத் திங்களில் அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் அரவானுக்கு மணமகளாகித் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அத்தாலியை அறுத்து வெண்ணிறச் சேலை உடுத்துகின்றனர். அவ்வூரைச் சுற்றியுள்ள ஆடவர் பலரும் நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்வது வழக்கம். கோயிலில் ஒரு நாளைக்கு ஏற்கத்தக்கது, பள்ளியிலும் அலுவலகத்திலும் மற்ற நாட்களில் ஏற்கத்தகாதது ஆவது எப்படி? திருவிழாவில் வணங்கிவிட்டு மறுவாரம் வாயிலில் துரத்தினால், நாம் வணங்கியது எதனை?

ஆடையைக் குற்றமாக்கிய சட்டம் நம் நாட்டில் ஒருமுறை இருந்தது. அதனைக் கொணர்ந்தது ஆங்கிலேயர் ஆட்சி. 1871-ஆம் ஆண்டுக் குற்றப்பழங்குடியினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, அரசு தன் பதிவேட்டில் ஏற்றிய அரவாணியர் பெண்ணைப் போல் உடுத்தோ அணிகலன் பூண்டோ பொதுத் தெருவில் தோன்றினால், பிடியாணை இன்றியே கைது செய்ய இடம் தந்தது; இரண்டாண்டுச் சிறை வரை தண்டனையும் விதித்தது. வட இந்தியப் பகுதிகளில் அது நடைமுறையில் இருந்தது. பண்பாடு என்று நாம் இன்று எண்ணும் வெறுப்பில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு அன்னியர் விட்டுச் சென்றது என்பதை வரலாற்று மாணவர்கள் ஆராய வேண்டும்.

விடுதலை பெற்ற இந்தியாவின் உச்சநீதிமன்றம் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை ஏற்றனர். உடையாலும் சொல்லாலும் செயலாலும் அதனை வெளிப்படுத்துவது, அரசமைப்பின் 19-ஆம் பிரிவு தரும் கருத்துரிமையில் அடங்கும் என்றும் உரைத்தனர். உடையும் ஒரு பேச்சு. அதற்கும் காப்புண்டு என்பது இதன் பொருள். தமிழ்நாடு அதற்கு முன்பே, 2008-ஆம் ஆண்டில், நாட்டிலேயே முதன்முதலாக இம்மக்களுக்கென நலவாரியம் அமைத்தது. 2019-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கல்வி நிலையங்களில் அவர்களுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்தது. நம் மாநிலத்துப் பிரித்திகா யாசினி, 2015-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத் தீர்ப்பின் துணையோடு காவல் உதவி ஆய்வாளர் பணிக்குத் தகுதி பெற்று, பின்னர்ச் சீருடை அணிந்தார். உடையால் வெளியே நிறுத்தப்பட்ட ஓர் இனத்தார், அரசின் உடையையே அணிந்து உள்ளே வந்த நாள் அது.

ஆனால் எல்லாரும் அவ்வாறு வந்து சேர்வதில்லை. நான் ஓய்வு பெற்றபின், உழவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். பதினோராம் வகுப்பில் பயிலும் அவர் பிள்ளை, ஆண் என்று பதிவேட்டில் உள்ள பிள்ளை, சற்று முடி வளர்த்துக் காதில் சிறு வளையம் அணிந்திருந்தது. படிப்பில் குறையில்லை; கணக்கில் வகுப்பின் முதல் மூவருள் ஒருவர். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அனைவர் முன்னும் நிறுத்தி அப்பிள்ளையின் முடியைக் கத்தரித்துவிட்டனர். பள்ளியின் பெயர் இங்கு வேண்டா; அங்கிருந்தோர் ஒழுங்கைக் காப்பதாகவே எண்ணிச் செய்தனர். மறுநாள் முதல் பிள்ளை பள்ளிக்குச் செல்லவில்லை. நானும் தந்தையுடன் சென்று பேசினேன். தலைமையாசிரியர் மனமிரங்கி, திரும்பி வரலாம் என்றார். பிள்ளைதான் வரவில்லை. பின்னர்த் தனித்தேர்வராக எழுதித் தேறியது. ஆயினும் ஆய்வுக்கூடமும் நூலகமும் நண்பர் குழாமும் இல்லாத அந்த ஈராண்டை யார் திருப்பித் தருவார்? கத்தரித்தது நாலு விரற்கடை முடி. அறுந்தது பள்ளிக்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த கயிறு.

“அவர்கள் வெறுப்பினால் செய்யவில்லையே! இதனைத் திருநர் வெறுப்பு என்பது மிகையன்றோ?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளத்தில் உள்ள வெறுப்பு வேறு. விதியினால் விளையும் தீங்கு வேறு. முன்னதற்கு மனிதரைக் குறை கூறுகிறோம். பின்னதற்கு விதியைத் திருத்துகிறோம். படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடத்தைக் கட்டிய கொத்தனார் கால் நடவாதவரை வெறுத்தவர் அல்லர். ஆனாலும் சக்கர நாற்காலியில் வந்தவர் வெளியேதான் நிற்கிறார். அவர் நிற்பதைக் கண்ட பின்னும், சாய்தளம் அமைக்க மாட்டோம் என்று பிடிவாதம் செய்தால், அப்போது அதற்குப் பெயர் வேறு. உடை விதியும் அத்தகையதே. இரண்டு கட்டம் வரைந்தது அறியாமை. மூன்றாமவர் வந்து நின்ற பின்னும், அவரை ஏளனம் செய்தும் கத்தரித்தும் கட்டத்துக்குள் திணிப்பது வெறுப்பின் வேலை. பெயர் சூட்டும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுங்கள். கடுஞ்சொல்லை எல்லார்மீதும் வீசினால், திருந்தக்கூடியவரும் நமக்கு எதிரியாகிவிடுவர்.

“விதியைத் தளர்த்தினால் ஒழுங்கு குலையாதா?” என்பது மற்றொரு கேள்வி. 2019-ஆம் ஆண்டு தமிழக அரசு தலைமைச் செயலக ஊழியருக்கு உடை ஒழுங்கு வகுத்தபோது, பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீசு, துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவற்றையும், ஆண்களுக்குச் சட்டை காற்சட்டையோடு வேட்டியையும் ஏற்றது. ஒன்றுக்கு மேற்பட்ட உடைகளை ஏற்றதால் கோப்புகள் நின்றுவிடவில்லை. அந்த ஆணையிலும் ஆணுக்கொரு பட்டியல், பெண்ணுக்கொரு பட்டியல் என்ற பிரிவு உண்டு. அதனை ஒரே பட்டியலாக்கி, “இவற்றுள் எதனையும் எவரும் தூய்மையாக உடுத்தலாம்” என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஒழுங்கு என்பது நேரத்திற்கு வருதல், தூய்மை, பிறருக்கு இடையூறு செய்யாமை. இம்மூன்றும் எவ்வுடையிலும் இயலும்.

“அவரவர் விருப்பம் என்றால் எல்லையே இராதே” என்பாரும் உளர். எல்லை உண்டு. நான் சொன்ன முதல் வினாவே அந்த எல்லை. வேலைக்குத் தேவையானதைக் கேட்க நிறுவனத்திற்கு உரிமை உண்டு; அதனை எல்லாரிடமும் ஒப்பக் கேட்க வேண்டும். அதற்கு மேல் கேட்பதாயின், காரணம் காட்டும் பொறுப்பு கேட்பவருடையது.

ஆக, நாம் தொடங்கிய வினாவுக்கு என் விடை இது. ஆண், பெண் என வகுத்த உடை விதிகள் யாவும் தீயவை அல்ல. தேவையின்றி ஒரு பாலின்மேல் சுமை ஏற்றும் விதி பாலினப் பாகுபாடு. எவரையேனும் தம் இயல்போடு உள்ளே வர இயலாமல் தடுக்கும் விதி, இயற்றியவர் நோக்கம் எதுவாயினும், அநீதி; தடுப்பதை அறிந்தபின்னும் அதனைக் காப்பது வெறுப்பு.

மாணவ மாணவியரே, உங்களுள் சிலர் நாளை தலைமையாசிரியராவீர்கள். சிலர் ஆலை மேலாளராவீர்கள். சிலர் சட்டமன்றத்தில் அமர்வீர்கள். விதி எழுதும் பேனா உங்கள் கைக்கு வரும். அன்று இம்மூன்று வினாக்களையும் கேட்டுப் பாருங்கள். இன்று உங்கள் கையில் அப்பேனா இல்லை. ஆனால் சிரிப்பு இருக்கிறது. உங்கள் வகுப்பில் ஒருவர் மற்றவர்போல் உடுக்காமல், நடக்காமல், பேசாமல் இருந்தால், விதி செய்யும் தீங்கைவிட அந்தக் கேலிச் சிரிப்பு செய்யும் தீங்கு பெரிது. அதனை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் இடம் தந்து, “வா, இந்தக் கணக்கைப் போடுவோம்” என்று அழைப்பதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. அதனை நாளைக் காலையிலேயே செய்யலாம்.